செவுளைத் தூக்கிப் பார்ப்பது

என் அப்பத்தா பாம்பனில் நாற்பது ஆண்டுகள் கூடையில் மீன் சுமந்து விற்றவர். கரையில் ஏலம் எவ்வளவு பரபரப்பாக ஓடினாலும், செவுளை விரலால் தூக்கிப் பார்க்காமல் அவர் ஒருநாளும் விலை கேட்டதில்லை. செவுள் சிவந்திருக்கிறதா, வயிற்றை அழுத்தினால் பள்ளம் மறுபடி எழும்புகிறதா, கண் தெளிந்திருக்கிறதா என்று மூன்றையும் பார்த்து முடிக்க அவருக்கு ஒரு மூச்சு நேரம் போதும். ஏலக்காரர் முகம் சுளிப்பார் என்று அவர் கையை இழுத்துக்கொண்டதில்லை. அந்த அப்பத்தாவின் பேத்தியான நான், பி.காம். இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த 2022 டிசம்பரில், இராமநாதபுரத்தில் நடந்த ஒரு தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்குப் போய், 11 மேசைகளில் 11 பயோடேட்டாக்களைக் கொடுத்துவிட்டு, எந்த மேசையிலும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வீடு திரும்பினேன். ஒரு கூறு மீன் வாங்குவதற்குக் காட்டும் கவனத்தை என் உழைப்பை விற்கப் போன இடத்தில் நான் ஏன் காட்டவில்லை என்ற கேள்வி, மூன்று ஆண்டுகளாகியும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போது அதே முகாம்களில் மேசைக்கு மறுபுறம் உட்காரும் வேலை எனக்கு வாய்த்திருப்பதால், அந்தக் கேள்வி முன்னைவிட அதிகமாக உறுத்துகிறது.

பழைய பாம்பன் பாலத்தில் ரயில்கள் நிறுத்தப்பட்ட மாதம் அது. கல்லூரியிலிருந்து எங்களைக் கூட்டிப் போக வாகனம் எதுவும் ஏற்பாடாகவில்லை. நானும் என் வகுப்புத் தோழியும் காலை 6 மணிக்கே பேருந்து ஏறி, நின்றுகொண்டே இராமநாதபுரம் போய்ச் சேர்ந்தோம். நுழைவுக் கட்டணம் இல்லை என்பதும், தனியார் வேலையில் சேர்ந்தாலும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ரத்தாகாது என்பதும் அறிவிப்பிலேயே இருந்தன. இந்த இரண்டாவது செய்தியை அப்பாவுக்கு நான் மூன்று முறை படித்துக் காட்ட வேண்டியிருந்தது. பதிவு மூப்பு போய்விடும் என்ற பயத்தில் பிள்ளைகளை முகாமுக்கே அனுப்பாத வீடுகள் எங்கள் தெருவில் இன்றும் உண்டு. அன்று மாலை மேடையில் வைத்து என் தோழிக்குப் பணி நியமன ஆணை கொடுத்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள். நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினேன். திரும்பி வரும் பேருந்தில் அவள் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டிருந்ததும், நான் பொறாமையோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதும் நன்றாக நினைவிருக்கிறது. படிப்பை முடித்து, வேலைக்குப் போன 19ஆம் நாள் அவள் ஊர் திரும்பினாள். ஆணையில் பெரிய எழுத்தில் இருந்தது தொழிற்சாலையின் பெயர். கீழே கையொப்பத்துக்கு மேல் சிறிய எழுத்தில் இருந்ததோ ஆட்களை அனுப்பும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் பெயர். அவளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தான் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அந்தத் தாள் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் எங்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒருவரும் கடைசி வரி வரை படிக்கவில்லை.

பரமக்குடி என்று முடிந்த பயோடேட்டா

அந்த முதல் முகாமுக்கு நான் செய்த ஆயத்தம், முந்தின நாள் மாலை பிரவுசிங் சென்டருக்குப் போனது மட்டும்தான். கணினியில் ஏற்கெனவே இருந்த யாரோ ஒருவரின் கோப்பைத் திறந்து, பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் ஆகியவற்றை மாற்றி, 15 நகல்கள் எடுத்துக் கொடுத்தார்கள். மேலே ஆங்கிலத்தில் என் இலட்சியம் என்று நான்கு வரிகள் இருந்தன. அவற்றின் பொருளைக் கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. மூன்று மாதம் கழித்து மிச்சமிருந்த ஒரு நகலை எடுத்துப் பார்த்தபோதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. உறுதிமொழிக்குக் கீழே, கையொப்பத்துக்கு இடப்புறம், இடம் என்பதற்கு நேரே பரமக்குடி என்று அச்சாகியிருந்தது. பாம்பனில் பிறந்து பாம்பனில் வளர்ந்த நான், பரமக்குடி என்று எழுதியிருந்த தாளின் கீழ் 11 முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை வாங்கிய 11 பேரில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்களோ தெரியாது. ஆனால் இன்று மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்து ஒரே நாளில் இருநூறு தாள்களைப் பார்க்கும்போது, அதே நான்கு வரி இலட்சியம் தாளுக்குத் தாள் வருவதைக் காண்கிறேன். கண் தானாகவே அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறது.

அந்தத் தாளில் இல்லாததுதான் எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. என் அம்மா இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவில் 14 பேர். பத்தாம் வகுப்பு முடித்ததிலிருந்து அந்தக் குழுவின் கணக்கு நோட்டை எழுதி வந்தவள் நான். வாரச் சேமிப்பு, உள்கடன், வட்டி, தவணை தவறியவர், வங்கியில் கட்டிய தொகை எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும். ஒரு ரூபாய் இடித்தால்கூட, கூட்டம் முடியும்வரை யாரும் பாயை விட்டு எழ மாட்டார்கள். ஐந்து ஆண்டுகள் அதைச் செய்திருந்தும் பயோடேட்டாவில் முன் அனுபவம் என்ற இடத்தில் இல்லை என்று எழுதியிருந்தேன். வீட்டு வேலையோடு சேர்ந்த ஒன்றாகவே அதை நினைத்திருந்தேன். அனுபவம் என்பது நகரத்தில், ஒரு நிறுவனத்தில், சான்றிதழோடு கிடைப்பது என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. எங்கள் கரைப் பிள்ளைகளுக்கு இது பொதுவான எண்ணம் என்பதை இப்போது பார்க்கிறேன். அண்மையில் ஒரு முகாமில், வாலிநோக்கம் பக்கமிருந்து வந்த ஒரு தம்பியிடம் விடுமுறையில் என்ன செய்வாய் என்று பேச்சுக்குக் கேட்டேன். உப்பளத்தில் லாரிக்கு ஏறும் மூட்டைகளை எண்ணிக் கணக்குச் சீட்டு எழுதுவேன் என்றார். பொருள் வைப்பறைக்கு ஆள் தேடி நான் அன்று காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். அவர் தாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தடைக்காலத்தில் வந்த முகாம்

இரண்டாவது முகாம் 2023 மே மாதம் நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத தடைக்காலம். பங்குக்குக் கடலுக்குப் போகும் அப்பாவின் வருமானம் நின்றிருந்தது. இறுதித் தேர்வு முடிந்து நானும் வீட்டில் இருந்தேன். கல்லூரி முடிகிற காலமும் வீட்டில் பணமில்லாத காலமும் எங்கள் கரையில் இப்படி ஒன்றாகவே வருகின்றன. அந்த நாட்களில் எந்தச் சம்பளமும் பெரிதாகத் தெரியும், எந்தத் தாளிலும் கை தானாகக் கையெழுத்துப் போடும். கிளம்பும்போது அம்மா என் தலையைத் தடவி, “எதையாவது கேட்டு வந்த வேலையைக் கெடுத்துக்காத தாயி” என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்னதில் குற்றமில்லை. பசி தெரிந்தவர் சொன்ன சொல் அது. ஆனால் தோழி திரும்பி வந்த கதை அப்போது எனக்குத் தெரியும். வேலைக்குப் போக அவள் அப்பா வாங்கியிருந்த கடனும் தெரியும். மேசையில் வாய் மூடியிருந்தால் வேலை கெடாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

சென்னைக்குப் பக்கத்து ஒரகடத்திலிருந்து வந்திருந்த ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் மேசை முன் என் முறை வந்தபோது மணி 11 இருக்கும். பின்னால் ஒட்டியிருந்த பதாகையில் மாதம் 16,500 ரூபாய், உணவு, தங்குமிடம் என்று எழுதியிருந்தது. ஐம்பது வயதை ஒட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் பயோடேட்டாவை வாங்கி அடுக்கின் மேல் வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கத் தொடங்கினார். நான் நகரவில்லை. தொண்டை வறண்டுபோயிருந்தது. “சார், இதுல கைக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் வீணாய்ப்போன ஒரு விண்ணப்பத் தாளை எடுத்து, திருப்பிப்போட்டு, பேனா மூடியைத் திறந்தார்.

முதலில் 16,500 என்று எழுதினார். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 11,000 என்று ஓரத்தில் குறித்தார். அந்த 11,000இல் 12 சதவீதம் வருங்கால வைப்பு நிதி, 1,320. மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு, 124. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து 2,500. கோடு போட்டுக் கழித்து, 12,556 என்று எழுதி அதைச் சுற்றி வட்டமிட்டார். “போர்டுல சாப்பாடு, தங்குமிடம்னு இருக்கும்மா, இலவசம்னு இல்ல” என்றார். அதை மறைக்காமல் சொன்னதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. வைப்பு நிதிக்குப் போகும் பணம் என் பெயரிலேயே சேரும், நிறுவனமும் தன் பங்கைப் போடும், இ.எஸ்.ஐ. இருந்தால் என்னைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் மருத்துவம் பார்க்கலாம் என்று விளக்கினார். பதாகையில் இருந்த எண்ணுக்கும் வட்டத்துக்குள் இருந்த எண்ணுக்கும் இடையே கிட்டத்தட்ட 4,000 ரூபாய் இருந்தது. மாதம் 10,000 அனுப்புகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அனுப்பியிருந்தால் சோப்புக்கும் பேருந்துக்கும் போனுக்கும் 2,556 ரூபாய்தான் மிஞ்சியிருக்கும்.

அடுத்து நான் கேட்ட கேள்வியை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கவில்லை. அந்தத் தாளில் அவர் போட்ட கணக்கின் வரிசை, நான் குழு நோட்டில் போடும் வரிசையைப் போலவே இருந்தது. “சார், இந்தக் கணக்கை உங்க கம்பெனியில யார் போடுவாங்க?” என்றேன். பேரோல் என்று ஒரு பிரிவு இருக்கிறது, ஆறு பேர் என்றார். பி.காம். படித்தவர்களா என்று கேட்டேன், ஆமாம் என்றார். அந்த முகாமுக்கு அவர் வந்திருந்தது உற்பத்தி வரிசையில் நிற்பதற்கு ஆள் எடுக்க. பேரோலுக்கு ஆள் எடுக்க வரவில்லை. நான் குழு நோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் நம்பாமல்தான் கேட்டிருக்க வேண்டும்: “ஒருத்தர் 10,000 ரூபா உள்கடன் வாங்குறாங்க, பத்து தவணை, நூத்துக்கு ஒரு ரூபா வட்டி, குறையுற அசலுக்கு. அஞ்சாவது தவணையில வட்டி எவ்வளவு?” நாலு தவணை கழிந்து அசல் 6,000 நிற்கும், வட்டி 60 ரூபாய் என்று உடனே சொன்னேன். என் பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. அவர் என் பயோடேட்டாவை அடுக்கிலிருந்து உருவி எடுத்து, என் எண்ணைத் தன் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இடம் காலியானால் கூப்பிடுகிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். அந்தப் பிரிவில்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

சாமர்த்தியமாகப் பேசியதால் வேலை கிடைத்தது என்று சொல்ல இதை எழுதவில்லை. சம்பளத்தைப் பற்றிக் கேட்பது பேராசையாகவோ மரியாதைக் குறைவாகவோ எடுத்துக்கொள்ளப்படும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது பொய் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. கேட்ட பிறகுதான் அவர் என்னை முதன்முறையாகப் பார்த்தார். அதற்கு முன் அவருக்கு நான் அடுக்கில் ஒரு தாள். முகாம் மேடைகளில் பேசுகிறவர்கள் எல்லோரும், இராமேஸ்வரத்து மண் என்பதால், அப்துல் கலாமின் பெயரைச் சொல்லாமல் முடிப்பதில்லை. கனவு காணச் சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். படிப்பு முடித்த கலாம் ஒரே பயணத்தில் டெல்லியிலும் டேராடூனிலுமாக இரண்டு நேர்காணல்களுக்குப் போனார். டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்கு வந்த 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார்; இருந்த இடங்கள் எட்டு. டெல்லியில் போட்ட விண்ணப்பம் இருந்ததால்தான் அவருக்கு வேலை கிடைத்தது. மாணவர்களுக்கு இதைச் சொல்லலாம் என்று நான் நினைக்கிறேன். முகாமுக்குப் போகும்போது ஒரே நிறுவனத்தின் மேல் மனதை வைத்துக்கொண்டு போகாமல், அது கைவிட்டால் அடுத்தது எது என்பதையும் முடிவு செய்துகொண்டு போக அது உதவும்.

மேசைக்கு மறுபுறம்

2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டு ரயில் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, எங்கள் நிறுவனத்தின் சார்பில் நானே இரண்டு முறை இராமநாதபுரம் முகாம்களுக்கு வந்துவிட்டேன். வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு நேரம் எப்படிப் போகிறது என்பதை இங்கிருந்துதான் பார்க்க முடிகிறது. காலை 9 முதல் 11 வரை நாங்கள் நின்று நிதானமாகப் பேசுவோம். 12 மணிக்கு மேல் தாளை வாங்கி வைப்பதோடு சரி. மாலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் 3 மணிக்குள் மேசையை மடித்துவிடுவார்கள். ஆகவே எல்லா மேசைக்கும் போக வேண்டும் என்று சுற்றுவதைவிட, வந்தவுடன் ஒரு சுற்று நடந்து பார்த்து, மூன்று அல்லது நான்கு மேசைகளைத் தேர்ந்துகொண்டு, மனதுக்கு அவ்வளவு முக்கியமில்லாத மேசையில் முதலில் பேசி வாயைப் பழக்கிக்கொண்டு, வேண்டிய மேசைக்கு 11 மணிக்குள் வருவதுதான் நல்லது. கூட்டத்தில் பெயர் அறிந்த பெரிய நிறுவனத்தின் முன்தான் வரிசை நீளும். பக்கத்தில் ஆளில்லாமல் இருக்கும் திறன் மேம்பாட்டுக் கழகத்தின் மேசையிலும் வங்கியின் மேசையிலும் ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச முடியும்.

நாங்கள் கூப்பிடும்போது கிடைக்காமல் போகும் எண்கள் தனிக் கவலை. எங்கள் கரையில் பெண் பிள்ளைகள் பலரும் அப்பாவின் எண்ணைத்தான் எழுதுகிறார்கள். அப்பா கடலில் இருப்பார். போன் வீட்டில் இருந்தால் ரீசார்ஜ் முடிந்திருக்கும். ஜூலையில் நான் தேர்ந்தெடுத்த ஒரு பெண்ணை நான்கு நாட்கள் கூப்பிட்டேன், நான்கு நாளும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. இடம் இன்னொருவருக்குப் போய்விட்டது. கரையிலேயே இருக்கும் ஒருவரின் எண், சித்தியுடையதோ தையல் கடையுடையதோ எதுவானாலும், இரண்டாவதாக அந்தத் தாளில் இருந்திருந்தால் அவள் இன்று எங்கள் தங்குமிடத்தில் இருந்திருப்பாள். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகளில் நான் முதலிடத்தில் வைப்பது, சம்பளச் சீட்டு யார் பெயரில் வரும் என்பது. என் தோழிக்கு அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்திருக்கும். அடுத்தது, இது வேலையா, தொழிற்பழகுநர் பயிற்சியா என்பது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் சேருகிறவருக்குக் கிடைப்பது உதவித்தொகை. அதில் வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக இல்லை. ஐ.டி.ஐ. முடித்தவருக்கு அந்தப் பயிற்சியும் சான்றிதழும் மிகவும் பயன்படும், நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வேலை என்று நம்பிப் போய் ஓராண்டு முடிவில் வீட்டுக்கு அனுப்பப்பட்டால் அந்த வலி பெரிது. அசல் சான்றிதழைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும். வைத்துக்கொள்வோம் என்றால் அந்த மேசையில் நிற்க வேண்டியதில்லை. சீருடைக்கென்றும் பயிற்சிக்கென்றும் முன்பணம் கேட்டாலும் அப்படியே. வளைகுடா வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்று எந்த முகவர் வந்தாலும், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அவர்களுக்குப் பதிவுச் சான்று இருக்க வேண்டும், அதன் எண்ணைக் கேட்டு வாங்கலாம். கீழக்கரை முதல் தொண்டி வரை வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற நம் கரையில் இதைப் பத்தாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

போன மாதம் நடந்த முகாமில், மூக்கையூரிலிருந்து வந்த ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். கையில் நாற்பது பக்க நோட்டு. கைக்கு வரும் சம்பளம், சீட்டில் வரும் பெயர், சான்றிதழ், விடுப்பு என்று வரிசையாகக் கேட்டு, நான் சொன்னதை எழுதி, ஒவ்வொன்றையும் டிக் செய்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். வேலைக்குப் போய்த் திரும்பி வந்த அக்கா என்றாள். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தியும் அவள் நோட்டை மூடவில்லை. கடைசியாக, “மேடம், ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்ற பஸ் ஹாஸ்டல் வாசல் வரைக்கும் வருமா, மெயின் ரோட்டுலயே இறக்கி விட்டுருவாங்களா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளாக அந்தத் தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் போடுகிறேன், ஆனால் அந்தப் பேருந்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. அவளை உட்காரச் சொல்லிவிட்டு, போக்குவரத்துப் பிரிவைக் கூப்பிட்டுக் கேட்டேன். மெயின் ரோட்டில்தான் நிற்கும், அங்கிருந்து ஐந்து நிமிட நடை என்றார்கள். அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு, பேனாவை எடுக்காமலே நிமிர்ந்து, “அந்த வழியில லைட் இருக்குமா மேடம்?” என்றாள். நான் மறுபடியும் போனை எடுத்தேன்.